சிறுநீரகப் புற்றுநோயும் நம் வீட்டு மூன்று கணக்கும்



சேமிப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்று கேட்டால் நம் குழுவில் யாரும் தடுமாற மாட்டார்கள். பாஸ் புத்தகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடுவார்கள். ஆனால், "உங்க பிரஷர் எவ்வளவு அக்கா? இடுப்புச் சுற்றளவு எத்தனை? வீட்டுல ஒரு நாளைக்கு எத்தனை பீடி செலவாகுது?" என்று கேட்டால், "அதெல்லாம் யாரு கணக்கு வச்சா?" என்றுதான் பதில் வரும்.

இந்த மாத உடல்நலப் பாடம் அந்த மூன்று கணக்கைப் பற்றியது. இந்த மூன்றும் சிறுநீரகப் புற்றுநோயோடு சம்பந்தப்பட்டவை. வீராம்பட்டினம் போன்ற மீனவ ஊரில் இருக்கும் நாம் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஊக்குநர்கள் இதைக் குழுக் கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கும் செய்தி போய்ச் சேரட்டும்.

சிறுநீரகம் என்ன வேலை செய்கிறது?

நம் முதுகுப் பக்கம், கடைசி விலா எலும்புக்கு அருகில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. அவரைக்கொட்டை வடிவம். கைமூட்டி அளவுதான் இருக்கும். ஒன்றின் எடை சுமார் 150 கிராம். ஆனால் செய்கிற வேலை பெரிது. ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டி, நல்லதை எல்லாம் திரும்ப ரத்தத்துக்கே கொடுத்துவிட்டு, கழிவை மட்டும் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் சிறுநீராக வெளியே அனுப்புகிறது. ரத்த அழுத்தத்தைச் சீராக வைப்பதிலும், புது ரத்த அணு உண்டாவதிலும் அதற்குப் பங்கு உண்டு.

இந்தச் சிறுநீரகத்தில் உள்ள செல்கள் கட்டுப்பாடு இல்லாமல் பெருகிக் கட்டியாக வளர்வதுதான் சிறுநீரகப் புற்றுநோய். இது தொற்றுநோய் இல்லை. நோய் வந்தவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. யாருடைய சாபமும் இல்லை, செய்வினையும் இல்லை.

நமக்கு வருமா?

உண்மையைச் சொல்லிவிடுவோம். நம் நாட்டுப் பெண்களுக்கு அதிகமாக வருவது மார்பகப் புற்றுநோயும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும்தான். சிறுநீரகப் புற்றுநோய் அந்த அளவுக்கு வருவதில்லை. 2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 4 லட்சத்து 30 ஆயிரம் பேருக்குப் புதிதாக இந்த நோய் வந்ததாக உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பின் கணக்கு சொல்கிறது. இந்தியாவில் வருடத்துக்குச் சுமார் 17 ஆயிரம் பேர். பெண்களைவிட ஆண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது. பெரும்பாலும் 50 வயதுக்கு மேல்தான்.

"அப்படின்னா எதுக்கு இந்தப் பாடம்?" என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு காரணம்.

முதல் காரணம், இந்த நோயைக் கூப்பிட்டு வருகிற மூன்று பழக்கமும்தான் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டி வருகின்றன. சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் வரைக்கும் போவதற்கும் அவை வழி செய்கின்றன. ஒன்றைத் தடுத்தால் நான்கும் குறையும்.

இரண்டாவது காரணம், இந்த நோயின் முதல் அடையாளத்தைப் பெண்கள் சுலபமாக "சூடு" என்று தள்ளிவிடுகிறோம். அதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

நாம் மாற்ற முடியாதவை சிலவும் உண்டு. வயது ஏறுவது, அப்பா அம்மா, கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது இந்த நோய் இருந்திருப்பது, பல வருடமாக டயாலிசிஸ் செய்துகொள்வது ஆகியவை. இவற்றுக்கு நாம் பொறுப்பாளி இல்லை. அப்படிப்பட்டவர்கள் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. ஆனால் புகை, எடை, ரத்த அழுத்தம் ஆகிய மூன்றும் மாற்றக்கூடியவை. அவைதான் நம் மூன்று கணக்கு.

முதல் கணக்கு: புகை

"பீடி குடிச்சா நுரையீரல்தானே கெடும், சிறுநீரகத்துக்கும் அதுக்கும் என்ன?" என்று பலர் நினைக்கிறார்கள். புகையில் உள்ள நச்சு நுரையீரலோடு நிற்பதில்லை. அங்கிருந்து ரத்தத்தில் கலக்கிறது. ரத்தத்தைச் சுத்தம் செய்வது சிறுநீரகம். குப்பை அள்ளுகிறவர் கையில்தான் அழுக்கு அதிகம் படும். அதுபோல அந்த நச்சு எல்லாம் சிறுநீரகத்திலும் சிறுநீர்ப் பாதையிலும்தான் வந்து சேர்கிறது. அதனால்தான் புகைப்பவர்களுக்குச் சிறுநீரகப் புற்றுநோயும் சிறுநீர்ப்பைப் புற்றுநோயும் மற்றவர்களைவிட அதிகம் வருகின்றன. பீடி இலையில் சுற்றியது, அதனால் சிகரெட்டை விட நல்லது என்பது தவறான பேச்சு.

நம்மில் பெரும்பாலோர் புகைப்பதில்லை. ஆனால் கட்டுமரத்திலும் போட்டிலும் இரவெல்லாம் விழித்திருக்கும் நம் வீட்டு ஆண்கள் தூக்கம் வராமலிருக்கவும் குளிருக்கும் என்று பழகிவிடுகிறார்கள். அவர்களுடன் சண்டை போட்டால் பீடி நிற்காது, சாப்பாடுதான் நிற்கும். கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒரு நாளைக்கு ஒரு கட்டு, கட்டு 25 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 750 ரூபாய். வருடத்துக்கு 9,125 ரூபாய். நம் குழுவில் மாதம் 100 ரூபாய் சேமிக்க நாம் படும் பாட்டை அவருக்குச் சொல்லுங்கள்.

விட நினைக்கிறவர்களுக்கு உதவி இருக்கிறது. புகையிலைப் பழக்கத்தை விடுவதற்கான அரசின் இலவசத் தொலைபேசி எண் 1800-11-2356. விட்ட மறுநாளே ஆபத்து போய்விடாது. வருடம் ஆக ஆகத்தான் குறையும். அதனால் 60 வயதில் விடுவதைவிட 40 வயதில் விடுவது லாபம். 60 வயதில் விட்டாலும் நஷ்டம் இல்லை.

வெற்றிலை பாக்கோடு புகையிலை போடும் அக்காமார்களுக்கும் ஒரு வார்த்தை. மெல்லும் புகையிலையால் முதலில் கெடுவது வாய். வாய்ப் புற்றுநோய்க்கு அதுவே முக்கியக் காரணம். ஆகவே அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கணக்கு: இடுப்புச் சுற்றளவு

2016இல் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு ஒரு முடிவை வெளியிட்டது. உடலில் அதிகக் கொழுப்பு சேராமல் பார்த்துக்கொண்டால் 13 வகைப் புற்றுநோய்களின் ஆபத்து குறைகிறது என்பதே அது. அந்த 13இல் சிறுநீரகப் புற்றுநோயும் ஒன்று. மிக அதிக எடை உள்ளவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு, சரியான எடை உள்ளவர்களை விட ஏறக்குறைய 1.8 மடங்கு.

கொழுப்பு என்பது சும்மா மூட்டை கட்டி வைத்த சரக்கு இல்லை. அது உடம்பில் இன்சுலின் போன்ற சுரப்புகளின் அளவை மாற்றுகிறது. உள்ளுக்குள் ஒரு ஓயாத புண் போன்ற நிலையை உண்டாக்குகிறது. ரத்த அழுத்தத்தையும் ஏற்றுகிறது. செல்கள் தாறுமாறாக வளர இது தோதாகிவிடுகிறது.

நம் புதுச்சேரியில் இது சின்ன விஷயம் இல்லை. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், புதுச்சேரிப் பெண்களில் 100க்கு 46 பேர் அதிக எடை உள்ளவர்கள் என்று தெரிய வந்தது. நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் 100க்கு 24 பேர்தான். அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் புதுச்சேரியில் 37 பேராக இருந்தது. ஐந்தாறு வருடத்தில் இத்தனை ஏற்றம்!

ஏன் என்று நாமே யோசிக்கலாம். முன்பு மீன் கூடையைத் தலையில் வைத்து மைல் கணக்கில் நடந்த பெண்கள் இன்று ஆட்டோவிலும் வேனிலும் மார்க்கெட்டுக்குப் போகிறோம். அங்கே போய் மணிக்கணக்கில் உட்கார்ந்த இடத்திலேயே வியாபாரம். பசி நேரத்துக்கு டீயும் போண்டாவும் வடையும். வீட்டுக்கு வந்து மூன்று மணிக்கு வயிறு நிறையச் சோறு, உடனே படுக்கை. உடம்பு அலுத்துப் போகிறது, ஆனால் உடம்பு ஓடவில்லை. அலுப்பு வேறு, உடற்பயிற்சி வேறு.

தையல் டேப் இருந்தால் போதும். தொப்புளுக்குச் சற்று மேலாக, இறுக்காமல் சுற்றி அளவு எடுங்கள். பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள், அதாவது சுமார் 31 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர்.

அதிகமாக இருந்தால் பட்டினி கிடக்க வேண்டாம். இவற்றைச் செய்யுங்கள்:

• வாரத்துக்கு 5 நாள், நாளுக்கு 30 நிமிடம் வேகமாக நடப்பது. கடற்கரை நமக்கு இலவசம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து போனால் கூச்சமும் இருக்காது.
• மீனை விட வேண்டாம். மீன் நல்ல உணவு. வறுவலைக் குறைத்துக் குழம்பாகச் சாப்பிடுங்கள். ஒரு முறை காய்ந்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டாம்.
• தட்டில் சோற்றைக் கொஞ்சம் குறைத்து, கீரையும் காயும் கூட்டுங்கள்.
• டீக்குச் சர்க்கரையைப் பாதியாக்குங்கள். பாட்டில் கலர் பானத்தை விசேஷ நாளோடு நிறுத்துங்கள்.

மூன்றாவது கணக்கு: ரத்த அழுத்தம்

ரத்த அழுத்தம் அதிகமாக இருப்பவர்களுக்குச் சிறுநீரகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். அதோடு சிறுநீரகத்தின் மெல்லிய ரத்தக் குழாய்களையும் அது மெல்ல மெல்லக் கெடுக்கிறது. பெரும்பாலோருக்கு எந்த வலியும் தெரியாது. "எனக்குத் தலைசுத்தல் இல்லை, அதனால பிரஷர் இல்லை" என்று சொல்வது கணக்குப் பார்க்காமலே நிலுவை இல்லை என்று சொல்வது போல. கருவி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். 140க்கு 90 அல்லது அதற்கு மேல் திரும்பத் திரும்ப இருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். மாத்திரை கொடுத்தால், "இப்ப நல்லாத்தானே இருக்கு" என்று நாமாக நிறுத்தக் கூடாது. நல்லா இருப்பதே மாத்திரையால்தான்.

அழுத்தத்தை ஏற்றுவதில் உப்புக்குப் பெரிய பங்கு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டில் சராசரியாக 8 கிராம் சாப்பிடுகிறோம் என்று தேசிய அளவிலான ஆய்வு ஒன்று 2023இல் சொன்னது.

உங்கள் வீட்டு உப்பை எடை போடத் தேவையில்லை. பாக்கெட்டை வைத்தே கண்டுபிடிக்கலாம். நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு ஒரு நாளைக்கு 20 கிராம். அப்படியானால் 1 கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். பிரித்த தேதியைப் பாக்கெட்டின் மேல் எழுதி வையுங்கள். சமையலுக்கு மட்டும் பயன்படுத்தியே 25 நாளில் தீர்ந்துவிட்டால், இரண்டு மடங்கு உப்பு சாப்பிடுகிறோம் என்று அர்த்தம். மீன் கழுவவும் கருவாடு போடவும் எடுக்கும் உப்பைத் தனியாக வைத்துக்கொண்டால் கணக்கு குழம்பாது.

கருவாடு, ஊறுகாய், அப்பளம் இவற்றில் ஏறும் உப்பு இந்தக் கணக்குக்கு மேலே வருவது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் நம் வீடுகளில் கருவாட்டுக் குழம்பு அடிக்கடி கொதிக்கும். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று தடவை தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள். குழம்புக்குத் தனியாக உப்பு போடுவதற்கு முன் ருசி பாருங்கள். பிரஷர் உள்ளவர்கள் கருவாட்டை அடிக்கடி இல்லாமல் எப்போதாவது என்று வைத்துக்கொள்வது நல்லது.

வலி மாத்திரையும் மூலிகைப் பொடியும்

மூன்று கணக்கோடு ஒரு எச்சரிக்கையும் சேர்க்க வேண்டியிருக்கிறது.

இடுப்பு வலி, மூட்டு வலி என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கித் தினமும் போடும் வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடியவை. ஃபினாசிட்டின் என்ற பழைய வலி மருந்து சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயை உண்டாக்குவது தெரிந்து, இந்தியா உட்படப் பல நாடுகளில் தடை செய்யப்பட்டது. இன்று கிடைக்கும் மாத்திரைகள் வேறு. ஆனாலும் டாக்டர் சீட்டு இல்லாமல் வாரக் கணக்கில் போடாதீர்கள்.

அடுத்தது, எடை குறைக்கும் பொடி. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரில், எடை குறைக்க ஒரு மருத்துவ நிலையத்தில் மூலிகை மருந்து வாங்கிச் சாப்பிட்ட பெண்களுக்கு வரிசையாகச் சிறுநீரகம் செயலிழந்தது. சுமார் 100 பெண்கள் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்த 39 பேரைப் பரிசோதித்ததில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்தது 2000ஆம் ஆண்டில் தெரிய வந்தது. அந்த மருந்தில் கலந்திருந்த மூலிகையில் அரிஸ்டோலோகிக் அமிலம் என்ற நச்சு இருந்ததுதான் காரணம்.

"அது வெளிநாட்டுக் கதை" என்று விட முடியாது. நம் பக்கத்து வயல் வரப்பிலும் வேலியிலும் வளரும் ஆடுதீண்டாப்பாளையும், ஈஸ்வரமூலி என்றும் பெருமருந்து என்றும் சொல்கிற கொடியும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றிலும் அந்த அமிலம் இருக்கிறது. பூச்சி மருந்தாகவும் மாதவிலக்குக் கோளாறுக்கும் இவற்றை அரைத்துக் கொடுக்கும் பழக்கம் உண்டு. இவற்றை உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம். எல்லா மூலிகையும் கெட்டது என்று சொல்லவில்லை. பச்சிலை என்பதாலேயே தீங்கு செய்யாது என்று நம்பிவிடக் கூடாது என்றுதான் சொல்கிறோம். பெயர் தெரியாத பொடியை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

"சூடு" என்று தள்ளாதீர்கள்

சிறுநீரகப் புற்றுநோய் ஆரம்பத்தில் சத்தம் போடாது. பலருக்கு வேறு எதற்கோ வயிற்று ஸ்கேன் எடுக்கும்போதுதான் தெரிய வருகிறது. அடையாளம் தெரிந்தால் இப்படி இருக்கலாம்:

• சிறுநீரில் ரத்தம். சிவப்பாகவோ, டீ டிக்காஷன் நிறத்திலோ போகலாம். பல சமயம் வலியே இருக்காது. ஒரு நாள் வந்து, பிறகு வாரக்கணக்கில் வராமலும் இருக்கலாம்.
• ஒரு பக்க விலாவில் அல்லது முதுகில் விடாத வலி.
• வயிற்றுப் பக்கத்தில் கட்டி தட்டுப்படுவது.
• காரணம் இல்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, விட்டு விட்டுக் காய்ச்சல், அசதி.

இதில் முதல் அடையாளத்தைத்தான் நாம் ஏமாந்து விட்டுவிடுகிறோம். "வெயில்ல உக்காந்து வியாபாரம் பண்றோம், சூடு புடிச்சிருக்கும், ரெண்டு இளநீர் குடிச்சா சரியாயிடும்" என்கிறோம். மாதவிலக்கு உள்ளவர்கள் "அதுவாத்தான் இருக்கும்" என்கிறோம். மாதவிலக்கு நின்றவர்கள் வெளியே சொல்லவே கூச்சப்படுகிறோம். இளநீர் குடித்தபின் ரத்தம் நின்றுவிட்டால் நோயே போய்விட்டது என்று நம்புகிறோம். நின்றது இளநீரால் இல்லை, அது தானாக நிற்கும், திரும்ப வரும்.

சிறுநீரில் ரத்தம் போனால் எல்லாம் புற்றுநோய் இல்லை. பெரும்பாலும் கல்லோ, கிருமித் தொற்றோதான் காரணமாக இருக்கும். ஆனால் எது என்று நாம் வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது. ஒரே ஒரு முறை வந்தாலும், வலி இல்லாவிட்டாலும், டாக்டரிடம் போங்கள். சிறுநீர்ப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும். கிருமி என்று மாத்திரை கொடுத்தும் திரும்ப ரத்தம் வந்தால், மறுபடியும் போய்ச் சொல்லுங்கள்.

சீக்கிரம் போவதால் என்ன லாபம்? அமெரிக்க நாட்டுப் புள்ளிவிவரப்படி, கட்டி சிறுநீரகத்துக்குள் மட்டும் இருக்கும்போது கண்டுபிடித்தவர்களில் 100க்கு 90 பேருக்கு மேல் 5 வருடம் கடந்தும் உயிரோடு இருக்கிறார்கள். உடலின் தூரப் பகுதிகளுக்குப் பரவிய பிறகு கண்டுபிடித்தால் 100க்கு 20 பேருக்கும் குறைவு. சின்னக் கட்டியானால் கட்டியை மட்டும் எடுத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்ற முடியும். ஒரு சிறுநீரகத்தையே எடுத்தாலும், மற்றது நன்றாக இருந்தால் வேலை செய்து, பிள்ளை குட்டியைப் பார்த்து வாழலாம்.

எங்கே போவது?

பிரஷர், சர்க்கரை பார்க்க அரியாங்குப்பம் ஆரம்ப சுகாதார நிலையம் போதும். 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்தப் பரிசோதனைகளையும், வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைகளையும் செய்ய அரசுத் திட்டம் இருக்கிறது. சிறுநீரில் ரத்தம் போனால் முதலில் அங்கேயே காட்டலாம். மேல் பரிசோதனைக்கு புதுச்சேரி அரசு பொது மருத்துவமனையோ, கோரிமேட்டில் உள்ள ஜிப்மரோ இருக்கிறது. ஜிப்மரில் சிறுநீரக அறுவைச் சிகிச்சைப் பிரிவும் மண்டலப் புற்றுநோய் மையமும் உள்ளன. போகும்போது ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை இருந்தால் அது, பழைய சீட்டுகள், சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

கூட்டங்களில் வரும் கேள்விகள்

கே: பீர் குடித்தால் சிறுநீரகக் கல் கரையும் என்கிறார்களே?
ப: கரையாது. சிறுநீர் அதிகம் போகும், அவ்வளவுதான். அதற்குத் தண்ணீரே போதும். மது ரத்த அழுத்தத்தை ஏற்றும். வாய், தொண்டை, கல்லீரல், மார்பகப் புற்றுநோய்களுக்கும் அது காரணம்.

கே: மார்க்கெட்டில் கக்கூஸ் வசதி சரியில்லை. தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கியே பொழுது போகிறது. இதனால் புற்றுநோய் வருமா?
ப: அதனால் புற்றுநோய் வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் கிருமித் தொற்றும் கல்லும் வரும். மீன் விற்கும் இடத்தில் பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை வேண்டும் என்பது நம் உடல்நலக் கோரிக்கை. கூட்டமைப்பு மூலம் மனுக் கொடுக்க வேண்டிய விஷயம் அது.

கே: குழந்தைகளுக்கும் சிறுநீரகப் புற்றுநோய் வருமா?
ப: சின்னக் குழந்தைகளுக்கு வருவது வேறு வகை. அதற்கும் பழக்கவழக்கத்துக்கும் சம்பந்தம் இல்லை. குளிப்பாட்டும்போது வயிற்றில் கட்டி தட்டுப்பட்டால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

குழுவில் செய்ய வேண்டியது

1. குழு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். உறுப்பினர் பெயருக்கு எதிரே பிரஷர், இடுப்புச் சுற்றளவு, பார்த்த தேதி என்று கட்டம் போடுங்கள். தன் அளவை வெளியே சொல்ல விரும்பாதவர் தன் பாஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளட்டும். யாரையும் கேலி செய்யக் கூடாது.

2. தடைக்காலத்தில் ஆண்கள் கரையில் இருப்பார்கள். அந்த 61 நாளுக்குள் ஒரு நாள் அவர்களையும் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போய் பிரஷர் பாருங்கள்.

3. செங்கழுநீர் அம்மன் ஆடித் தேருக்குள் ஒவ்வொரு குழுவும் எல்லா உறுப்பினர்களுக்கும் முதல் அளவை எடுத்து முடிக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து மறுபடியும் எடுங்கள்.

4. யாராவது ஒரு சகோதரி சிறுநீரில் ரத்தம் என்று சொன்னால் அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். குழுவிலிருந்து ஒருவர் கூடப் போங்கள். அன்றைய வியாபாரம் போகிறதே என்று அவர் தயங்கினால், அவர் கூடையை அன்று இன்னொருவர் பார்த்துக்கொள்ளுங்கள். பஸ் செலவுக்குக் கை மாற்று வேண்டுமானால் குழுவின் உள்கடன் எதற்கு இருக்கிறது?

கலந்து பேச:

• உங்கள் வீட்டில் 1 கிலோ உப்பு எத்தனை நாள் வருகிறது?
• "சூடு" என்று சொல்லி நாம் டாக்டரிடம் போகாமல் விடும் தொந்தரவுகள் என்னென்ன?
• தினமும் அரை மணி நேரம் நடக்க உங்கள் தெருவில் எந்த நேரம் தோதுப்படும்? யார் யார் சேர்ந்து போவீர்கள்?